லேபிளில் தெரியாத உப்பு

ஒரு கிலோ பருத்திப் பனியன் துணிக்கு அடர்நிறச் சாயம் ஏற்ற ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு வேண்டும். ரியாக்டிவ் சாயம் நூலைப் பிடிக்க, லிட்டருக்கு 60 கிராம் அளவில் கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) சாதா உப்போ போடுவார்கள். கறுப்பு, நேவி என்றால் 80 கிராம்கூடப் போகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 480 கிராம் ஆயிற்று. சாயம் துணியில் தங்கும். உப்பு தங்காது. நாலைந்து அலசலில் மொத்தமும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றையும் அதன்மேல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் பெரும்பங்கு இந்த உப்புக்குத்தான்.

இப்போது அந்தத் துணியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். உப்பு இருந்த சுவடே இருக்காது. நன்றாக அலசிய துணி எல்லாச் சோதனையிலும் தேறும். அலசிய தண்ணீர் எங்கே போனது என்று அந்தச் சோதனை கேட்பதே இல்லை. துணிக்கான பச்சை லேபிள்களைப் பற்றி யோசிக்கும்போது இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். துணியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது ஒரு லேபிள். பஞ்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது இன்னொன்று. சாயப்பட்டறை எப்படி நடக்கிறது என்று பார்ப்பது மற்றொன்று. கடையில் தொங்கும்போது மூன்றும் ஒரே மாதிரி இலையும் பச்சையுமாகத்தான் தெரியும்.

குழந்தை உடை விற்கும் சிறு பிராண்டுகள் அதிகம் குழம்புவது ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 விஷயத்தில். 1992ல் வந்த இந்த லேபிள் துணியில் மிஞ்சியிருக்கும் ரசாயனத்தைச் சோதிக்கிறது, அவ்வளவே. பஞ்சு இயற்கை வேளாண்மையில் விளைந்ததா என்பது அதன் கேள்வி அல்ல. முழு பாலியெஸ்டர் துணிக்கும் இது கிடைக்கும். “ஓகோ-டெக்ஸ் சான்று பெற்ற ஆர்கானிக் துணி” என்று இன்ஸ்டாகிராமில் எழுதுவது, ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் பட்டதாரி என்று சொல்வது போல. ஆர்கானிக் பருத்திக்கென்று ஓகோ-டெக்ஸ் தனியே ஒரு லேபிள் வைத்திருக்கிறது, அது வேறு.

ஸ்டாண்டர்ட் 100ல் நான்கு வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு. இரண்டாவது தோலில் ஒட்டி அணிபவை. மூன்றாவது கோட்டு, ஜாக்கெட் மாதிரி தோலில் அதிகம் படாதவை. நான்காவது திரைச்சீலை, மேசைவிரிப்பு வகை. முதல் வகுப்பில் ஃபார்மால்டிஹைடு கண்டறிய முடியாத அளவில், அதாவது கிலோவுக்கு 16 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் 75 வரை விடுவார்கள். சான்றிதழைக் காட்டுகிறார்கள் என்றால் முதலில் வகுப்பைப் பாருங்கள். இரண்டாம் வகுப்புச் சான்றை வைத்துக்கொண்டு குழந்தைச் சட்டை விற்பது அடிக்கடி நடக்கிறது. பொய்ச் சான்று இல்லை, ஆனால் பொருந்தாத சான்று. அடுத்து, சரக்கு விவரணையைப் படியுங்கள். “வெள்ளை மற்றும் ரியாக்டிவ் சாயமிட்ட பருத்திப் பின்னல் துணி” என்றிருந்தால் அதன்மேல் அடித்த பிரின்டுக்கு அந்தச் சான்று பேசாது. ஸ்னாப் பட்டன், எலாஸ்டிக், தையல் நூல், வாஷ்கேர் லேபிள் எல்லாமே தேற வேண்டும். ஏற்கெனவே சான்று பெற்ற உதிரிகளையே வாங்கினால் சோதனைச் செலவு குறைய வாய்ப்புண்டு. சான்றின் ஆயுள் ஒரு வருடம். சான்றின் எண்ணை ஓகோ-டெக்ஸ் தளத்தில் போட்டால் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தோற்பது பெரும்பாலும் பயங்கரமான விஷத்தால் அல்ல, பிஎச் மதிப்பால். முதல் இரண்டு வகுப்புகளுக்கும் பிஎச் 4.0 முதல் 7.5 வரை இருக்கலாம். ரியாக்டிவ் சாயம் சோடா சாம்பல் போட்டு பிஎச் 11 பக்கத்தில் ஏற்றப்படுவது. அதன்பின் அசிட்டிக் அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவருவார்கள். அவசரத்தில் ஒரே குளியலில் முடித்தால் தண்ணீரின் பிஎச் 6.5 காட்டும், நூலின் உள்ளே காரம் அப்படியே இருக்கும். மறுநாள் துணியில் 8 வரும். இன்னொரு காரணம் தண்ணீரே. போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் அதிகமிருந்தால், கடைசி அலசலில் துணியில் தங்கிய பைகார்பனேட் ஸ்டென்டரின் (துணியை விரித்து உலர்த்தும் மெஷின்) சூட்டில் கார்பனேட்டாக மாறும், பிஎச் ஏறும். மெஷினில் சரியாக இருந்தது ஸ்டென்டரைத் தாண்டியதும் கெட்டுப்போகிறது என்றால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், டையிங் மாஸ்டரைத் திட்டுவது பிறகு. ஆர்.ஓ. தண்ணீரில் கடைசி அலசல், இரண்டு முறை அமிலம், இரண்டாவது முறை சாஃப்ட்னர் குளியலுடன் சேர்த்து: இதுதான் வழக்கமான மருந்து. சோதனைக்கு எடுப்பது காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை அழுத்தும் கடைசி வேலை) முடிந்த துணியாக இருக்கட்டும்.

ஃபார்மால்டிஹைடு வேறு மாதிரி வேடிக்கை காட்டும். அடர்நிறம் போகாமல் பிடித்துவைக்கப் போடும் சில ஃபிக்ஸர்கள், பிக்மென்ட் பிரின்டின் பைண்டர், சாயத்தை நீக்கிப் படம் எடுக்கும் சிலவகை டிஸ்சார்ஜ் பிரின்டின் ரசாயனம் இவையெல்லாம் அதை விடும். அது ஆவியாகக்கூடியது என்பதால் பக்கத்துத் துணிக்கும் தாவும். சுத்தமான முதல் வகுப்புத் துணியை, ஃபிக்ஸர் போட்ட கறுப்பு ரோலுக்கு அருகில் பத்து நாள் அடுக்கி வைத்தால் அதுவும் தோற்கலாம். எனவே தனி ரேக். மாதிரித் துணியைத் தனித்தனியாகக் காற்றுப் புகாமல் மூடி அனுப்புவது.

இனி காட்ஸ். குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்ட் என்பதைத் திருப்பூரில் எல்லோரும் காட்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். முதல் பதிப்பு 2005ல் வந்தது. ஏழாம் பதிப்பு 2023ல் வெளியாகி 2024 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. 95 சதவீதத்துக்குக் குறையாமல் ஆர்கானிக் நார் இருந்தால் “ஆர்கானிக்” என்ற தரம். 70க்குக் குறையாமல் இருந்தால் “இத்தனை சதவீதம் ஆர்கானிக்கில் செய்தது” என்ற தரம். தையல் நூல், பட்டன் மாதிரி உதிரிகள் இந்தக் கணக்கில் வராது. 95க்கு 5 லைக்ரா ஜெர்சி முதல் தரத்தில் விளிம்பில் நிற்கும். 94க்கு 6 என்று நிட்டிங்கில் மாறிவிட்டால் அச்சடித்த லேபிள் முழுக்கக் குப்பை. லைக்ரா துணியில் சதவீதத்தை ஆர்டர் ஷீட்டிலிருந்து எடுக்காமல் துணியைச் சோதித்து எடுப்பது நல்லது. பலரும் அறியாமல் மாட்டிக்கொள்வது இன்னொன்று: ஆர்கானிக் பருத்தியோடு சாதாப் பருத்தியைக் கலக்கவே கூடாது. நூல் பற்றவில்லை என்று நாலு கோன் சாதா நூலை ஏற்றினால் அந்த ரோல் மட்டுமல்ல, எந்த ரோலில் ஏறியது என்று சொல்ல முடியாவிட்டால் லாட்டே போச்சு.

காட்ஸ் தோட்டத்துக்குச் சான்று தருவதில்லை. தோட்டத்துச் சான்று இந்தியாவில் என்பிஓபி எனும் தேசிய இயற்கை விளைபொருள் திட்டத்தின் கீழ், மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடாவின் டிரேஸ்நெட் இணையப் பதிவோடு வருகிறது. காட்ஸ் தொடங்குவது ஜின்னிங் ஆலையில். அங்கிருந்து மில், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங், கட்டிங், தையல் என்று கைமாறும் ஒவ்வொரு இடமும் சான்றுக்குள் இருந்தாக வேண்டும். பெரிய ஊர்களில் ஒரே கூரையின்கீழ் எல்லாம் நடக்கும் ஆலைக்கு இது சுலபம். திருப்பூர் ஜாப் ஒர்க்கில் ஓடும் ஊர். ஒரு டி-ஷர்ட் முடிவதற்குள் ஆறேழு கேட்டுக்குள் போய்வரும்.

இங்கேதான் சங்கிலி அறுகிறது, பெரும்பாலும் பிரின்டிங்கிலோ எம்பிராய்டரியிலோ. நூலுக்குச் சான்று இருக்கிறது, சாயப்பட்டறைக்கு இருக்கிறது, கம்பெனிக்கு இருக்கிறது. வழக்கமாகப் போகும் பிரின்டிங் யூனிட்டில் அன்று இடமில்லை என்று பக்கத்து யூனிட்டுக்குக் கட்டிங் பீஸை அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெயர் ஸ்கோப் சான்றில் இல்லை. அங்கே பிளாஸ்டிசால் (பிவிசி கலந்த பிரின்ட் மை) போட்டுவிட்டால் கதை அத்தோடு முடிந்தது, ஏனெனில் பிவிசி காட்ஸில் தடை. பிளாஸ்டிசால் போடாவிட்டாலும் சங்கிலி அறுந்ததுதான். பின்னால் ஒட்டவைக்க வழியில்லை. “காட்ஸ் நூலில் செய்தது” என்று சமாளித்து எழுதவும் அனுமதியில்லை.

இரண்டு காகிதங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கோப் சான்று என்பது இந்தக் கம்பெனி இன்னின்ன வேலையைச் சான்றுக்குட்பட்டுச் செய்யத் தகுதியுள்ளது என்பது. ஆயுள் ஒரு வருடம். பின்னிணைப்பில் பொருள்வகை, வேலைகள், ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் பெயர்கள் இருக்கும். உங்கள் கையில் உள்ள துணியைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. துணியைப் பற்றிச் சொல்வது டிரான்சாக்‌ஷன் சான்று. எந்த லாட், எத்தனை கிலோ, எந்த இன்வாய்ஸ், யாரிடமிருந்து யாருக்கு என்பது அதில். தமிழில் எழுதினால் இதுவும் டிசி, துணியோடு வரும் டெலிவரி சலானும் டிசி. “டிசி வந்துவிட்டது” என்று போனில் சொன்னால் எந்த டிசி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்தில் சரக்கு ஏற்றிய கம்பெனிகள் உண்டு. ஸ்கோப் சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு சாதா நூலை விற்பது மிகச் சுலபம். அதனால் கேட்க வேண்டியது லாட்டுக்கான சான்று.

லாட்டுக்கான சான்று வந்தபின் எடையைக் கூட்டிக் கழிக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: 1,000 கிலோ நூல். நிட்டிங்கில் ஒன்றரை சதவீதம் போனால் 985 கிலோ கிரே துணி (சாயம் ஏற்றாதது). சாயம், காம்பாக்டிங்கில் 6 சதவீதம் போனால் ஏறக்குறைய 926. கட்டிங் வேஸ்ட் 15 சதவீதம் என்றால் உடையாக நிற்பது 787 கிலோ. பீஸ் 160 கிராம் என்றால் 4,900 பீஸ் சொச்சம். 1,000 கிலோ நூல் சான்றை வைத்து 6,000 பீஸுக்குச் சான்று கேட்டால் ஆடிட்டர் நிமிர்ந்து உட்காருவார். வேஸ்டைக் குறைத்துக் காட்டுவதும் அதே மாதிரி மாட்டும். மார்க்கர் திட்டமும் (துணியில் வெட்டுத்துண்டுகளை அடுக்கும் வரைபடம்) கட்டிங் ரிப்போர்ட்டும் கேட்பார்கள். கட்டிங் வேஸ்ட் சதவீதத்தை ஸ்டைல்வாரியாக எழுதிவைக்கும் கம்பெனிக்கு ஆடிட் சீக்கிரம் முடியும்.

முதன்முறை சான்றுக்குப் போகிறவர்கள் கன்ட்ரோல் யூனியன், ஈகோசர்ட் மாதிரி ஏதாவதொரு சான்று அமைப்புக்கு விண்ணப்பிக்குமுன் செய்ய வேண்டியது, தங்கள் ஜாப் ஒர்க் பட்டியலை உண்மையாக எழுதுவது. அவசரத்துக்குப் போகும் யூனிட்டையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு ரசாயனங்கள். சாயம், சாஃப்ட்னர், பெராக்சைடு கில்லர் (பிளீச்சிங்கில் மிஞ்சிய பெராக்சைடை நீக்குவது) எல்லாவற்றுக்கும் காட்ஸ் ஒப்புதல் கடிதம் சப்ளையரிடம் கேட்டால் கிடைக்கும். கடிதத்துக்குத் தேதி உண்டு, காலாவதியான கடிதம் ஆடிட்டில் செல்லாது. எல்லோரும் மறப்பது இரண்டு. ஒன்று நிட்டிங் மெஷின் எண்ணெய். மற்றொன்று செக்கிங் டேபிளில் கறை எடுக்க வைத்திருக்கும் ஸ்பாட்டிங் கன்னில் ஊற்றும் திரவம். லேபிள் கிழிந்த கேனில் என்னவோ இருக்கும், எங்கே வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. குடோனில் ஆர்கானிக் துணிக்குத் தனி இடம், வேறு நிற ஸ்டிக்கர், நூல் கோனிலிருந்து அட்டைப்பெட்டி வரை ஒரே லாட் எண். சம்பளப் பதிவேடு, வேலை நேரம், வயதுச் சான்று, முகக்கவசம் எல்லாமும் பார்ப்பார்கள். காட்ஸில் தொழிலாளர் விதிகளும் அடக்கம்.

லேபிளில் முத்திரை மட்டும் இருந்தால் அது லேபிள் அல்ல. தரம், சான்று அமைப்பின் பெயர், உரிம எண் மூன்றும் கூடவே வேண்டும். அச்சுக்குப் போகுமுன் அந்த ஆர்ட்வொர்க்குக்குச் சான்று அமைப்பின் ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்குபவர் செய்ய வேண்டியதும் அந்த எண்ணைக் காட்ஸின் பொதுத் தரவுத்தளத்தில் தேடுவதுதான். எண்ணே இல்லாத முத்திரையை நம்பாதீர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு, தைத்து லேபிள் ஒட்டிய உடையை வாங்கி அப்படியே நேரடியாக வாடிக்கையாளருக்கு மட்டும் விற்கும் கடைக்குத் தனிச் சான்று தேவையில்லை. நீங்களே பிரித்து, உங்கள் டேக் மாட்டி, மறுபடி பேக் செய்தால் தேவை.

காகிதமும் பொய் சொல்லும். 2020 அக்டோபர் கடைசியில் காட்ஸ் அமைப்பே வெளியிட்ட செய்தி: இந்திய ஆர்கானிக் பருத்தி என்ற பெயரில் போலி டிரான்சாக்‌ஷன் சான்றுகளோடு 20,000 டன் பஞ்சு உள்ளே நுழைந்திருக்கிறது, 11 கம்பெனிகளுக்குத் தடை. அரசுத் தளத்தின் நகல் ஒன்றைச் செய்து, க்யூஆர் கோடு அங்கே போய் நிற்குமாறு அமைத்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் சான்று திறந்தது, எல்லோரும் திருப்தியானார்கள். ஆகவே க்யூஆரை ஸ்கேன் செய்வது சரிபார்ப்பு ஆகாது. தளத்தின் முகவரியை நீங்களே அடித்து, எண்ணைக் கையால் போட்டுத் தேடுவதுதான் சரிபார்ப்பு.

பஞ்சையே சோதித்தால் என்ன என்று தோன்றும். இந்தியாவில் பயிராகும் பருத்தியில் பெரும்பகுதி 2002ல் அனுமதி பெற்ற, மரபணு மாற்றிய பிடி பருத்தி; ஆர்கானிக்கில் அதற்கு இடமில்லை. பஞ்சிலோ கொட்டையிலோ மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க 2019ல் சர்வதேச முறையொன்று வந்துவிட்டது. ஆனால் பிளீச்சிங்கும் சாயமும் முடிந்த துணியில் டிஎன்ஏ சிதைந்துவிடும். சோதனை வேலை செய்யாது. கடையில் தொங்கும் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு இது ஆர்கானிக்கா என்று எந்த ஆய்வகமும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை காகிதம்.

மறுசுழற்சி லேபிளுக்கும் இதே சங்கிலிதான்; ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட்) சான்றுக்கு 20 சதவீதம், டேக்கில் முத்திரை போட 50 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் வேண்டும். பனியன் வேஸ்டிலிருந்து ஓப்பன் எண்ட் நூல் செய்பவர்கள் தடுமாறுவது முதல் கண்ணியில். வேஸ்ட் எங்கிருந்து வந்தது என்று வேஸ்ட் வியாபாரி உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். பத்துப் பேரிடம் மூட்டை மூட்டையாக வாங்கிக் கலந்து வைத்திருப்பவரிடம் அதை எப்படிக் கேட்பது? பெட்டர் காட்டன் என்ற பருத்தி விவசாயத் திட்டத்தின் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நெடுங்காலம் அது எடைச் சமன் முறையில் ஓடியது. கம்பெனி அத்தனை டன் வாங்கியதற்குக் கணக்கு உண்டு. உங்கள் சட்டையில் அந்தப் பஞ்சு இருக்க வேண்டியதில்லை.

உப்புக்குத் திரும்புவோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் திறந்தவை கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறித்தான் திறந்தன. நுண்ணுயிர்த் தொட்டி, பிறகு ஆர்.ஓ., ஆர்.ஓ. ஒதுக்கிய உவர்நீர் அதைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கு, கடைசியில் உப்பாகப் பிரிப்பு. பிரிந்த தண்ணீரும் கிளாபர் உப்பும் மறுபடி சாயத்துக்கே போகும். சிக்கல் வால்முனையில். சாதா உப்பும் கிளாபர் உப்பும் கலந்துவிட்டால் பிரிப்பது கடினம். அந்தக் கலவை உப்பு மூட்டைகளாக ஷெட்டில் குவியும். அதனால்தான் பட்டறைகளில் சாதா உப்பை விட்டுக் கிளாபருக்கு மாறச் சொல்வது. எவாப்பரேட்டர் குழாயில் உப்பு படிந்தால் நீராவி செலவு ஏறும், அந்த நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும்.

துணியைச் சோதிக்கும் ஸ்டாண்டர்ட் 100 லேபிளில் இது எதுவும் வராது. காட்ஸ் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கேட்கிறது. உலகம் முழுவதற்குமான விதி என்பதால் திருப்பூரில் சட்டம் கேட்பது அதைவிடக் கூடுதல். ஓகோ-டெக்ஸின் ஸ்டெப் என்பது துணிக்கல்ல, ஆலைக்கான சான்று. துணிச் சோதனையும் ஆலைச் சான்றும் சேர்ந்தால் மேட் இன் கிரீன் லேபிள், அதில் உள்ள எண்ணைப் போட்டால் எந்த நாட்டில், எந்தக் கட்டத்தில் செய்தது என்று பார்க்கலாம். நொய்யலைப் பற்றிக் கவலைப்படுகிறவர் தேட வேண்டியது இந்த வகை. அது கிடைக்காவிட்டால் சாயப்பட்டறையின் பெயரையும், அது எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர் என்பதையும், மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி நடப்பில் உள்ளதா என்பதையும் கேட்டால் போதும். இது டேக்கில் இருக்காது. கேட்டால் சொல்வார்கள், சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்.

ஏற்றுமதிக்காரர்களுக்குத் தேதி ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 உத்தரவு 2026 செப்டம்பர் 27 முதல் நடப்புக்கு வருகிறது. மூன்றாம் தரப்புச் சான்றோ அரசின் பின்புலமோ இல்லாத பசுமை முத்திரைகள் அங்கே தடை. “ஈகோ ஃப்ரெண்ட்லி”, “கிரீன்” என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் தடை. பல பையர்களின் பழைய ஹேங் டேக் ஃபைலில் சொந்தமாக வரைந்த ஓர் இலையும் அதன்கீழ் இப்படி ஒரு வரியும் இருக்கும். அந்த ஆர்ட்வொர்க்கை எடுத்து அப்படியே ரிப்பீட் ஆர்டருக்கு அச்சடிக்கக் கொடுக்காதீர்கள். முதலில் எழுத்தில் உறுதி வாங்குங்கள். பேக் ஆன பெட்டியைப் பிரித்து, டேக்கை வெட்டி, புதிதாகக் கோர்க்கும் கூலி பீஸுக்கு டேக் விலையைவிட அதிகம் பிடிக்கும்.